படிப்பகத்தில் "பொன்னியின் செல்வ"னுக்கு இடம் உண்டா?

சிங்காநல்லூர்ப் பக்கத்தில் நம் தோழர்கள் நடத்தும் படிப்பகம் ஒன்றில் அண்மையில் ஒரு சச்சரவு எழுந்தது. கூலி உயர்வு பற்றியதும் அல்ல, தேர்தல் பற்றியதும் அல்ல. ஒரு நாவலைப் பற்றியது! கேட்போர் சிரிக்கலாம். நாமும் முதலில் சிரித்தோம். விஷயத்தை முழுதும் கேட்ட பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஓய்வு பெற்ற பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர். எண்பதைத் தாண்டியவர். ஸ்பின்னிங்கில் முப்பத்தைந்து ஆண்டுகள் நின்று உழைத்தவர். சங்கத்தின் எந்த ஊர்வலத்திலும் பின்தங்காதவர். வீட்டை மகன் இடித்துக் கட்டப் போகிறான் என்றதும், தம்மிடமிருந்த ஒரு தகரப் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு படிப்பகத்துக்கு வந்தார். பெட்டிக்குள் இருந்தது "பொன்னியின் செல்வன்". கடையில் வாங்கிய புத்தகம் அன்று. "கல்கி" வார இதழில் கதை வந்த காலத்தில் வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து, ஓவியர் மணியத்தின் படங்களோடு ஊசி நூல் கொண்டு தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு ஒட்டிய பைண்டு. "நம்ம பசங்க படிக்கட்டுங்க" என்று வைத்துவிட்டுப் போனார்.

படிப்பகக் குழு கூடியது. "மன்னர் பெருமை பேசும் மாயக் கதைக்கு இங்கே இடமில்லை" என்று இளந்தோழர்கள் இருவர் வாதிட்டனர். அலமாரி ஒன்றுதான், அதில் வைக்க வேண்டிய நூல்கள் எத்தனையோ வெளியே கிடக்கின்றன என்றனர். தீர்மானம் நிறைவேறிற்று. மறுநாள் பெட்டி பெரியவர் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது.

பெரியவர் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏனுங்க தம்பி, அதுக்குள்ளார விசமா இருக்குது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகவே இன்று எழுதுகிறோம்.

முதலில் இளந்தோழர்களின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். அது அப்படியே ஒதுக்கக்கூடிய வாதம் அல்ல. "பொன்னியின் செல்வன்" 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர்கதை. ஐந்து பாகங்கள், கடைசிப் பாகம் மட்டுமே 91 அத்தியாயங்கள். அந்த நான்காண்டுக் காலத்தில் தமிழ்நாட்டு உழவனும் நெசவாளியும் எப்படி இருந்தார்கள்? நூல் கிடைக்காமல் கைத்தறி நின்று, நெசவாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்த காலம் அது. அந்தப் பட்டினியைத் தோழர் தொ.மு.சி. ரகுநாதன் "பஞ்சும் பசியும்" என்ற நாவலாக எழுதி வெளியிட்டது 1953-ல். கல்கியின் வாசகர்கள் கொடும்பாளூரையும் கோடிக்கரையையும் கனவு கண்டுகொண்டிருந்த அதே வேளையில்! செக் மொழிக்குப் போன அந்த நாவல், நம் பஞ்சாலைத் தெருக்களில் எத்தனை வீடுகளுக்குள் போயிற்று? இந்தக் கேள்வி நமக்கே கசக்கிறது. பிறகு இதற்கு வருவோம்.

கதையை எடுத்துப் பாருங்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரை மேல் வருகிறான். அங்கிருந்து கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, ஈழம், நாகப்பட்டினம், காஞ்சி என்று கதை பாய்கிறது. ஒரு சதிக் கூட்டம் நடக்கும். மதிலில் ஏறி மறைந்திருந்து கதாநாயகன் கேட்பான். சுரங்க வழி இருக்கும். அது சரியான அறையில்தான் போய் முடியும். வால் நட்சத்திரம் தோன்றும். சோதிடர் ஏதோ சொல்வார். மந்திரவாதி ஆந்தையைப் போல் கத்துவான். ஒரு முகத்துக்கும் இன்னொரு முகத்துக்கும் உள்ள ஒற்றுமையால் ஒரு பேரரசே ஆட்டம் காணும். வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்தில் எத்தனை துடுக்கோ, கடைசியிலும் அத்தனை துடுக்கு. ஆழ்வார்க்கடியான் எத்தனை முறை வந்தாலும் அதே வம்பு, அதே தடி. மனிதர்கள் வளர்வதில்லை, சம்பவங்களே வளர்கின்றன. இதைத்தான் க.நா.சு. போன்ற விமர்சகர்கள் அந்தக் காலத்திலேயே குறை சொன்னார்கள். அவர்களோடு நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு. ஆயினும் இந்த ஒரு குறையை மறுக்க நம்மால் இயலாது.

நம் குறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்த நாவலில் உழைக்கும் மக்கள் இல்லாமல் இல்லை. கோடிக்கரையில் படகு தள்ளும் பூங்குழலி இருக்கிறாள். கடலையும் புயலையும் அஞ்சாத பெண். அரண்மனைப் பெண்கள் எவரையும் விட உயிரோடு நிற்பவள் அவளே. பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதன் இருக்கிறான். பேச்சற்ற தாயால் வளர்க்கப்பட்டவன், பதவி ஆசை அறியாதவன். இவர்களை இவ்வளவு அன்போடு படைத்த ஆசிரியர், கடைசியில் என்ன செய்கிறார்? பூக்காரன் உண்மையில் பூக்காரன் அல்ல, கண்டராதித்தரின் மைந்தன், சோழ ரத்தம் என்று இரகசியத்தை அவிழ்க்கிறார். உத்தம சோழனாக முடிசூட்டுகிறார். படகுக்காரி பட்டத்து ராணியாகிவிடுகிறாள். நல்லவன் ஒருவன் ஏழைக் குடிசையில் இருந்தால், அவன் உடலில் ராஜ ரத்தம் ஓடியே ஆகவேண்டும் போலும்!

இது கல்கி மட்டும் செய்த காரியம் அல்ல. பாரிஸ் நகரத்தில் 1842-லும் 1843-லும் யூஜீன் சூ என்பவர் "பாரிஸ் மர்மங்கள்" என்று ஒரு பத்திரிகைத் தொடர்கதை எழுதினார். அடுத்த இதழ் எப்போது வரும் என்று நகரமே காத்துக்கிடந்தது. தொழிலாளர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். அதன் நாயகி பாரிஸ் நகரின் இழிந்த சந்துகளில் சீரழிந்த ஓர் ஏழைப் பெண். இறுதியில் அவளும் ஒரு ராஜகுமாரனின் காணாமற்போன மகளாக மாறிவிடுகிறாள். 1845-ல் மார்க்சும் எங்கெல்சும் வெளியிட்ட "புனிதக் குடும்பம்" நூலில் அந்த நாவலை ஆராய்கிறார் மார்க்ஸ். பக்கம் பக்கமாக ஆராய்கிறார். தொடக்கத்தில் அந்தப் பெண் எத்தனை உயிர்ப்போடு, எத்தனை மனிதத்தன்மையோடு இருந்தாள். அவளை மீட்க வந்த பெருந்தகைகள் எப்படி அவளிடமிருந்து அந்த உயிரைப் படிப்படியாக உறிஞ்சி, பாவமன்னிப்புக் கேட்கும் கன்னிமாடப் பெண்ணாக்கி, சாகவிட்டார்கள் என்று காட்டுகிறார். அந்த ஆய்வை எழுதியவர் நாவலை மேசையிலிருந்து தள்ளிவிட்டு எழுதவில்லை. வரி வரியாகப் படித்துவிட்டு எழுதினார். நம் படிப்பகக் குழுவில் "பொன்னியின் செல்வ"னுக்கு எதிராகக் கை தூக்கியவர்களில் ஐந்து பாகங்களையும் படித்தவர் எத்தனை பேர் என்று விசாரித்தோம். ஒருவர். அவரும் சினிமா பார்த்தபின் முதல் பாகம் மட்டும்.

இங்கே ஒரு தோழர் எங்கெல்சைத் துணைக்கு அழைத்துக் கல்கிக்காக வாதாடினார். 1888-ல் மார்கரெட் ஹார்க்னஸ் என்ற எழுத்தாளருக்கு எங்கெல்ஸ் எழுதிய கடிதம் தோழர்களில் பலருக்குத் தெரிந்ததே. பால்சாக் அரசியலில் மன்னர் பக்கம் நின்றவர். ஆனால் பிரெஞ்சு சமுதாயத்தைப் பற்றி அவருடைய நாவல்களில் கற்றது, சரித்திரப் பேராசிரியர்களிடமும் பொருளாதார நிபுணர்களிடமும் கற்றதைவிட அதிகம் என்பது எங்கெல்சின் கருத்து. "அதுபோலத்தானே கல்கியும்? காங்கிரஸ்காரர், ராஜாஜியின் சீடர், ஆனால் நல்ல எழுத்தாளர்!" என்றார் தோழர்.

இல்லை, தோழரே. பால்சாக்கின் நாவலில் ஒவ்வொரு வீட்டிலும் பணம் எண்ணப்படுகிறது. யார் யாருக்குக் கடன், நிலம் யார் கைக்கு மாறிற்று, சீதனம் எவ்வளவு என்பதெல்லாம் கதையின் நரம்பாக ஓடுகின்றன. "பொன்னியின் செல்வ"னில் தனாதிகாரி இருக்கிறார், பொக்கிஷ நிலவறை இருக்கிறது. அந்தப் பொக்கிஷத்துக்கு நெல் அளந்தவன் எங்கே? சோழர் காலக் கல்வெட்டுகளில் அவன் இருக்கிறான். உத்தரமேரூர்க் குடவோலை முறையை உலகுக்கெல்லாம் பெருமையாகச் சொல்கிறோம்; அதில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும் என்பதும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது. நிலமற்றவனுக்கு ஓலை இல்லை! ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்காக ஊர் ஊராகக் கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்; பெயரும், ஊரும், குடியிருந்த மனையும் கல்லில் வெட்டியிருக்கிறது. அந்த நானூறு பேரில் ஒருத்தியின் கதை எழுதினாலும் ஒரு நாவல் ஆகும்.

இன்னொன்று. ஆதித்த கரிகாலன் கொலைதான் நாவலின் மையம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, அந்தக் கொலையில் துரோகிகளாக அறியப்பட்டவர்களின் பெயர்களைச் சொல்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள். இருவருக்குப் பிரமாதிராஜன் என்ற பட்டம். அதாவது அரசாங்க உயர் பதவியில் இருந்த பிராமண அதிகாரிகள். அவர்களுடைய, அவர்கள் உறவினருடைய நிலங்களைப் பறிமுதல் செய்வது பற்றிய ஆவணமே அது. கல்கி நீலகண்ட சாஸ்திரியாரையும் சதாசிவ பண்டாரத்தாரையும் படித்தவர். இந்தக் கல்வெட்டு அவருக்குத் தெரியாதது அல்ல. ரவிதாசன் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். பதவியையும் நிலத்தையும் விட்டுவிட்டார். அவனைக் காட்டில் திரியும் மந்திரவாதி ஆக்கிவிட்டார். அதிகாரத்துக்குள்ளே நடந்த கொலை, மாயாஜாலக் கொலையாகிவிட்டது. கதாசிரியருக்குக் கற்பனை உரிமை உண்டு, மறுக்கவில்லை. எதை எடுத்தார், எதை விட்டார் என்று கேட்கிற உரிமை வாசகனுக்கும் உண்டு.

ஆகவே, "பொன்னியின் செல்வன்" உயர்ந்த இலக்கியமா என்றால், அல்ல என்பதே நம் கருத்து. இதை ஒளிக்கவில்லை. ஆனால் படிப்பகத்தில் வைக்கலாமா என்பது வேறு கேள்வி. நம் தோழர்கள் இரண்டையும் ஒரே கேள்வியாக்கிக் குழப்பிவிட்டார்கள்.

பெரியவரைப் போய்ப் பார்த்தோம். திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. அந்தப் பைண்டு எப்படி உண்டாயிற்று என்று கேட்டோம். சொன்னார்.

அவருடைய தகப்பனாருக்கு எழுத்து தெரியாது. மில் லைன் வீடு. ஒன்பது வீடுகள் சேர்ந்து காசு போட்டு வாரம் ஓர் இதழ் வாங்குவார்கள். ஒன்பது வீட்டிலும் கூட்டிப் படிக்கத் தெரிந்தது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இந்தப் பையன் ஒருவனுக்குத்தான். ஆப்நைட் முடிந்து வருகிறவர்களும் கேட்கவேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பகலில் வேப்பமரத்தடியில் கூட்டம். பையன் உரக்கப் படிப்பான். புரியாத சொல்லுக்குப் பெண்கள் பொருள் கேட்பார்கள், பையனுக்கும் தெரியாது, திங்கட்கிழமை வாத்தியாரிடம் கேட்டு வந்து சொல்வான். "ஒரு வாரம் எனக்குக் காச்சல் வந்துருச்சுங்க. ஒன்பது வூட்டுக்காரங்களும் கசாயம் கொண்டாந்து குடுத்தாங்க. நான் பொழைக்கோணும்னா, வந்தியத்தேவன் பொழைக்கோணும்னா, ஆருக்குத் தெரியுங்க!" என்று சிரித்தார்.

அந்த வேப்பமரத்தடியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இருவர் பின்னர் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார்களாம். கதைக்காகத்தான். கற்ற பிறகு சங்கத்து நோட்டீசையும் அவர்களே படித்தார்கள். பெரியவரும் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் பின்னாளில் மில் வாசலில் நம் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டினார். நாம் இதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம்.

உலகத்தில் இது புதிதல்ல. கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளர்கள் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, உயரமான இடத்தில் அமர்ந்து ஒருவர் வாசிப்பார். அவருடைய கூலியைத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். எந்த நூல் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். காலையில் பத்திரிகை, பிறகு நாவல். மறு ஆண்டிலேயே, 1866-ல், ஸ்பானிய ஆட்சியாளர் இந்த வாசிப்பைத் தடை செய்துவிட்டார்! ஆண்டவனுக்கு அச்சம் எங்கே இருந்தது பாருங்கள். அந்தத் தொழிலாளர்களுக்கு மிகப் பிடித்த நாவல்களில் ஒன்று, அலெக்சாண்டர் டூமா எழுதிய "மாண்டி கிறிஸ்டோ". புதையல், சிறைத் தப்பு, மாறுவேடம், பழிவாங்கல் எல்லாம் நிறைந்த பத்திரிகைத் தொடர்கதை. இன்றும் ஒரு கியூபா சுருட்டுக்கு அந்தப் பெயர் இருக்கிறது. டூமாவை மார்க்சும் விரும்பிப் படித்தார் என்று அவருடைய மருமகன் லபார்க் எழுதியிருக்கிறார். வால்டர் ஸ்காட்டும் அவருக்குப் பிரியமானவர். கல்கிக்குத் தொழில் கற்றுக்கொடுத்த குருக்கள் என்று பலரும் சொல்வது இந்த இருவரையே. நம் பக்கத்து மலையாள நாட்டில், கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்களும் இப்படி ஒருவரை வாசிக்கச் சொல்லி, அவர் சுற்றவேண்டிய பீடியைத் தங்களுக்குள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுத்தார்கள்.

மேல்நாட்டிலும் இதே வழக்கு ஓயாமல் நடந்திருக்கிறது. கல்கி தம் கதையை முடித்த அதே 1954-ல்தான் லண்டனில் டோல்கீன் என்ற பேராசிரியரின் மாய உலகக் கதை, "மோதிரங்களின் தலைவன்", முதற்பாகம் வெளிவந்தது. 1956-ல் எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்க விமர்சகர் அதைச் சிறுபிள்ளைக் கதை என்று கிழித்தார். பிறகு ஹாரி பாட்டர் வந்தபோது ஹெரால்டு புளூம் அதையே செய்தார். கிழித்தவர்கள் சொன்னதில் உண்மையும் இருந்தது. கதைகளோ அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை.

நம் கொங்கு நாட்டுக்கு இதைப் பாரிஸும் லண்டனும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடுக்கையடித்து இரவு இரவாகப் பாடப்படும் அண்ணன்மார் கதை நம்முடையது. பொன்னரும் சங்கரும், கொம்பன் என்ற ராட்சதப் பன்றியும், மாண்ட அண்ணன்மாரை எழுப்பும் தங்கை அருக்காணித் தங்காளும்! மாயத்துக்கு இதில் என்ன குறை? 1965-ல் காங்கயம் வட்டாரத்தில் பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சிப் பெண்மணி இதை ஒலிப்பதிவு செய்தார். கவிஞர் சக்திக்கனல் 1971-ல் நூலாகப் பதிப்பித்தார். கலைஞர் கருணாநிதி நாவலாக எழுதினார். 2011-ல் சினிமாவும் வந்தது. இந்தக் கதையைச் சாதிப் பெருமைக்குக் கொடியாகப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். நமக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அண்ணன்மாருக்கு நிழல்போல் நின்ற பணியாளன் சாம்புகனுக்காகவும் அந்தக் கூட்டத்தில் கண்ணீர் வடிக்கிறவர்கள் உண்டு. ஒரே கதையைக் கேட்டு வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு இடத்தில் அழுகிறார்கள். இதை அறியாதவன் மக்களிடையே வேலை செய்ய முடியாது.

கல்கியும் கொங்கு நாட்டுக்கு அந்நியர் அல்ல. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு இருந்து, மதுவிலக்குக்காக 1929-ல் தொடங்கிய "விமோசனம்" பத்திரிகையில் துணையாசிரியராக உழைத்தவர். கள்ளுக்கடை வாசலில் நிற்கிற உழவனுக்கும் புரியவேண்டும் என்று எழுதப் பழகியது இங்கேதான். அந்தத் தமிழ்தான் பிறகு வேப்பமரத்தடியில் ஒரு பள்ளிப் பையன் தடையில்லாமல் உரக்கப் படிக்கும் தமிழாயிற்று. வாக்கியம் சிறிது, பேச்சு இயல்பு, இடையிடையே நகைச்சுவை. எழுத்தறிவு இல்லாத ஒன்பது வீடுகளை நான்காண்டுக் காலம் கட்டிப்போட்ட அந்த வித்தையை, அவருடைய அரசியல் நமக்கு ஆகாது என்பதற்காக வித்தையே அல்ல என்று சொல்லிவிட முடியுமா?

இப்போது அந்தக் கசப்பான கேள்விக்கு வருவோம். ஆர். சண்முகசுந்தரத்தின் "நாகம்மாள்" 1942-ல் வந்தது; பூமியில் தன் பங்கைக் கேட்ட கொங்கு நாட்டு விதவையின் கதை. கு. சின்னப்ப பாரதியின் "தாகம்" 1975-ல் வந்தது. இவை இலக்கியம், மன்னர் கதை அல்ல, மண்ணின் கதை. ஆனால் இவற்றை ஒன்பது வீடுகள் கூடி உட்கார்ந்து கேட்கும்படி நாம் ஏற்பாடு செய்தோமா? நாம்தான் செய்யவில்லை! சின்னியம்பாளையத்துத் தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8-ந்தேதி கோவைச் சிறையில் தூக்கிலேற்றப்பட்டார்கள். ஆண்டுதோறும் கொடியேற்றி வீரவணக்கம் செலுத்துகிறோம். படிப்பகத்துக்கு வரும் பத்து வயதுப் பையனுக்கு ஆதித்த கரிகாலனைத் தெரியும், ரங்கண்ணனைத் தெரியாது. இதற்குக் கல்கியா பொறுப்பு? அலமாரியிலிருந்து கல்கியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ரங்கண்ணன் தானாக வந்து அமர்ந்துவிடுவாரா?

இந்த வாதத்தைப் படிப்பகக் குழுவின் முன் வைத்தோம். இரவு பத்தரை வரை பேச்சு நீண்டது. இளந்தோழர்களில் ஒருவர் கடைசிவரை ஒப்பவில்லை; அவருடைய பிடிவாதத்தை மதிக்கிறோம். முடிவில் தீர்மானம் திருத்தப்பட்டது. நாவல் அலமாரிக்கு வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு அதிலிருந்து சில அத்தியாயங்களை உரக்கப் படிப்பது, அதை அடுத்து "பஞ்சும் பசியும்" நாவலிலிருந்து அதே அளவு படிப்பது, பிறகு விவாதம். உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றிப் பேசுவது, ஒப்பாத அந்தத் தோழரின் பொறுப்பு. அவரும் சரி என்றார்; முகம் மட்டும் தெளியவில்லை.

பெட்டியைத் திரும்ப வாங்கிவர நாமே அவர்களோடு போனோம். பெரியவர் உடனே கொடுக்கவில்லை. ஒவ்வொரு பைண்டாக எடுத்துத் துணியால் துடைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. நான்காம் பாகம் இல்லை. 1974-ல் பக்கத்து லைன்காரர் ஒருவர் இரவல் வாங்கிப் போனவர் கொடுக்கவே இல்லையாம். "அது வராம இதை எப்புடிங்க குடுக்கறது? கதை நடுவால அந்துபோயிருமுங்களே" என்று தயங்கினார்.

நான்காம் பாகத்தைப் படிப்பகச் செலவில் வாங்கிச் சேர்ப்பதாக வாக்களித்த பின்னரே பெட்டி சைக்கிளில் ஏறிற்று. கல்கியின் நூல்கள் அவருடைய நூற்றாண்டை ஒட்டி நாட்டுடைமை ஆகிவிட்டபடியால் மலிவுப் பதிப்புக்குப் பஞ்சமில்லை. வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு முதல் வாசிப்பு. வாசிப்பவர் பெரியவரே. கண்ணாடி மாற்றவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்கும் குழு பொறுப்பேற்றிருக்கிறது.